"பெருசே இருக்கட்டும் கண்ணு" என்றீர்களே அக்கா

என் பிரியமான ருக்மணியக்காவுக்கு,

உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரே அறையில் மூன்று வருடம் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து வேலை பார்த்தோம். திரும்பினால் பேசலாம், எழுத என்ன இருந்தது? நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. இப்போது எழுத ஒன்று இருக்கிறது.

மாமா சுகமாக இருக்கிறார். டெம்போவை விற்கவில்லை. இன்னமும் துணிக்கட்டு ஏற்றிக்கொண்டு குன்னத்தூருக்கும் திருப்பூருக்கும் ஓடுகிறார். அவர் சமையல்தான் யாருக்கும் இறங்கவில்லை. "அப்பா வெக்கற ரசத்துல டெம்போவக் கழுவலாமுங்க" என்கிறாள் உங்கள் சின்னவள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

இதை வேறு பலரும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பனியன் கம்பெனி ஆபீஸில் ஒன்பது கம்ப்யூட்டர்கள், எல்லாம் அரதப் பழசு. அதில் கடிதம் அடிக்கவும் பட்டியல் போடவும் இருந்த சாஃப்ட்வேர் திருட்டுக் காப்பி. சோதனைக்கு வருகிறார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பியதும் முதலாளி பயந்துபோனார். லினக்ஸ் போட்டுவிடலாம், இலவசமாகவே கிடைக்கும், யாரும் கை வைக்க முடியாது என்றேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்து மூன்று வருடம். தெரிந்தது கொஞ்சம், தெரியும் என்ற நினைப்பு வண்டி வண்டியாக.

லினக்ஸ் போட்டாயிற்று. கடிதத்துக்கும் பட்டியலுக்கும் எதை வைப்பது? இரண்டு இருந்தன. ஒன்று, பழைய சாஃப்ட்வேர் மாதிரியே இருக்கும், ஆனால் நம் பெட்டிகளில் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இன்னொன்று கண் இமைக்கும் நேரத்தில் திறக்கும், உள்ளே எல்லாம் இடம் மாறியிருக்கும். பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று நீங்கள்தான் அவற்றுக்குப் பெருசு, சிறுசு என்று பெயர் வைத்தீர்கள். ஒரு வாரம் எல்லோரும் இரண்டையும் ஓட்டிப் பார்க்கட்டும் என்றேன். நான் கையில் கடிகாரத்தோடு ஒவ்வொரு மேஜையாகப் போய் எது எத்தனை விநாடியில் திறக்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை எல்லோரும் சிறுசு என்றார்கள். நீங்கள் மட்டும் என் மேஜைக்கு வந்தீர்கள்.

"அந்தப் பெருசே இருக்கட்டும் கண்ணு. தொறக்கற வரைக்கும் நான் காத்துக்கறனுங்க."

"அக்கா, அது திறக்குறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துரலாம்."

"குடிச்சுட்டே காத்துக்கறேன் சாமி. எனக்கு அது கைக்குப் பழகிருச்சுங்க."

நான் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர்களும் சிரித்தார்கள். முதலாளிக்குக் கொடுத்த தாளில், ஒருவர் மட்டும் ஒப்பவில்லை, காரணம் பழக்கதோஷம் என்று எழுதினேன். திங்கட்கிழமை ஒன்பது கம்ப்யூட்டரிலும் சிறுசு ஏறியது.

செக்கிங்கில் நின்று பனியனில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த உங்களை, விரல் வேகத்தைப் பார்த்து ஆபீஸுக்குக் கூட்டி வந்தவர் முதலாளியம்மா. எந்தப் பெட்டியில் என்ன சைஸ், என்ன கலர், எத்தனை பீஸ் என்ற பேக்கிங் லிஸ்ட்டை உங்களைப் போல வேகமாக அடிக்க அங்கே ஆள் கிடையாது. அந்த விரல்கள் அந்தத் திங்கட்கிழமையிலிருந்து தயங்க ஆரம்பித்தன. நீங்கள் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். கேட்டால், "ஒண்ணுமில்லீங்க கண்ணு, கண்ணு கொஞ்சம் எரியுது" என்பீர்கள். நான் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் கெட்டிக்காரத்தனம்.

மூன்றாவது வாரம் அது நடந்தது. நடுவில் ஒரு வரி சேர்க்கப் போன இடத்தில் வேறெதையோ அமுக்கிவிட்டீர்கள். சைஸ் வரிசை மட்டும் தானாக இடம் மாறி அடுக்கிக்கொண்டது, பெட்டி எண்கள் அப்படியே நின்றன; எந்தப் பெட்டிக்கு எந்த சைஸ் என்பதே புரண்டுபோனது. அந்த லிஸ்ட்டைப் பார்த்துத்தான் பெட்டிகளின் மேல் எழுதி ஒட்டினார்கள். லாரி கிளம்பும் நேரத்தில் விஷயம் தெரிந்து, ஒட்டிய பெட்டிகளையெல்லாம் கிழித்து எண்ண வேண்டியதாயிற்று. முதலாளி உங்களைத் திட்டக்கூட இல்லை. நீங்களே மறுநாள் வந்து, "நான் நின்னுக்கறனுங்க" என்றீர்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நான் வாசல் வரைக்கும்கூட வரவில்லை.

அப்புறம் வேறொரு கம்பெனியில் மறுபடியும் செக்கிங், நாள் முழுக்க நின்றுகொண்டே. நெஞ்சுவலியில் நீங்கள் போனதுகூட எனக்கு இரண்டாம் நாள்தான் தெரியும். கருமாதிக்கு வந்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமா பக்கத்தில் வந்து நின்றார். கம்ப்யூட்டர் பேச்சு வந்தது.

"அவளுக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுங்க தம்பி. எழுத்து தெரியும், பாத்து அப்படியே அடிச்சுருவா. மத்ததெல்லாம் எடத்த வெச்சுத்தான். மேல நாலாவது, அதுல எறங்கி மூணாவதுன்னு ஊட்ல வந்து விரல் விட்டு எண்ணிட்டிருப்பா. அந்தப் புதுசுல எடமெல்லாம் மாறிப் போச்சுன்னு அழுதாளுங்க."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாமே மாமா."

"சொன்னா சீட்டு போயிருமுன்னு பயந்துட்டாளுங்க. உங்களத் தப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் அக்கா!

அன்றைக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டையும் ஓட்டிப் பார்த்த அந்த வாரத்தில் ஒருநாள், பெருசிலேயே தமிழில் மெனு வருகிற ஒரு சிடியை வேடிக்கைக்காகப் போட்டுக் காட்டினேன். கோப்பு, திருத்து, செருகு என்று வந்ததைப் பார்த்து ஆபீஸே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தீர்கள். "இது நல்லாருக்குதுங்களே" என்றீர்கள். நான் சிடியை வெளியே எடுத்துவிட்டேன். அதை எடுத்த கையை என்ன செய்வது?

இன்னொன்றும் இப்போதுதான் விளங்குகிறது. போன வருடம் அவிநாசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தோமே. நம்ம ஆபீஸ்ல இப்பவும் அந்தச் சிறுசுதானுங்களா என்று கேட்டீர்கள். இல்லக்கா, புது கம்ப்யூட்டர் வந்தாச்சு, இப்ப பெருசுதான், சட்டுன்னு திறக்குது என்று பெருமையாகச் சொன்னேன். நீங்கள் பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டீர்கள். பிறகு, "அந்த சீட்டுல இப்ப ஆருங்க கண்ணு?" என்றீர்கள். புதிதாக ஒரு பெண் என்றேன். "நல்லதுங்க" என்று சொல்லி பஸ் ஏறினீர்கள். நீங்கள் வேலை கேட்டீர்கள் அக்கா. எனக்கு அது கேட்கவில்லை.

இதை எழுதட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். "எழுதுங்க, படிக்கத் தெரியாதது ஒண்ணும் களவில்லீங்களே. பேர மட்டும் மாத்திருங்க" என்றார். அதனால்தான் ருக்மணி. உங்கள் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாதது இந்தக் கடிதத்தில் எனக்கு ஒரு குறை.

கம்பெனி அவிநாசிபாளையத்தில் புது யூனிட் திறக்கிறது. அங்கேயும் லினக்ஸ். எதை வைப்பது என்று முதலாளி மறுபடியும் என்னைத்தான் கேட்டிருக்கிறார். இந்தத் தடவை கடிகாரம் கொண்டுபோகவில்லை. உட்காரப்போகிற ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் கை எப்படிப் போகிறது என்று பார்த்தேன். இரண்டு பேர், மெனுவைப் படிக்காமல் உதட்டுக்குள் எண்ணுகிறார்கள். ஒருத்தி என்னைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். "கண்ணு எரியுதுங்க சார்" என்றாள்.

எழுந்து போய் எல்லா கம்ப்யூட்டரிலும் பெருசையே வைத்து, தமிழ் மெனு போட்டேன். இரண்டில் மட்டும் போட்டால் அந்த இரண்டு பேர் யாரென்று தெரிந்துவிடும் அல்லவா?

முதலாளிக்குக் கொடுக்கும் தாளில் அவர்கள் பெயர் இருக்காது. அந்த இரண்டு பேரும் அவர்களாக வேண்டாம் என்கிற வரைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு அக்கா. உங்களுக்குச் செய்யாததை அவர்களுக்குச் செய்கிறேன், அதனால் என் கணக்கு தீர்ந்துவிட்டது என்று மட்டும் ஒருநாளும் நினைக்க மாட்டேன்.

வாசல் வரைக்கும் வந்து உங்களை வழியனுப்பாத தம்பி,
ஜெபராஜ்