ஆந்தைக்கு வைத்த பெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு சிவானி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? பாடாங் மேஹா தோட்டத்தில் நான் சுகமாகவே இருக்கிறேன். போனில் ஆந்தை கத்தியதும் பதறி வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷம் தின்ற எலிகளைத் தின்று இங்கே ஆந்தைகளும் செத்தன. அதனால் விஷத்தை நிறுத்திவிட்டு, செம்பனைத் தோட்டத்தில் ஆந்தைகள் குஞ்சு பொரிக்கக் கம்பத்தில் பெட்டி வைத்திருக்கிறேன். எலிகளை அவை பார்த்துக்கொள்ளும். நேற்று தோட்டத்து மாரியம்மா அக்கா, "பெட்டிய எறக்கிடு லா தங்கச்சி, ஆந்தை கத்துனா சாவு வரும்" என்றார்.

"வரும்தான்க்கா, எலிக்கு" என்றேன். சிரித்துவிட்டார். பெட்டியை இறக்கமாட்டேன் அம்மா.

பெட்டியைப் பார்க்கும்போது குஞ்சு ஒன்று விரலைக் கீறியது, சின்னக் காயம்தான். அப்பாவின் பழைய தோல் கையுறையை அனுப்புங்கள். உங்கள் எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம். வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

இனி ஆந்தை கத்தினாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
சிவானி