கறுமலைப் பிரபுவின் ஐந்தாம் படம்

ஜூன் 10, செவ்வாய்

கறுமலைப் பிரபு ஐந்தாம் பாகம் பார்த்து முடிந்தது. ஏழு படங்களில் இதுதான் மோசம் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஆறும் ஏழும் நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் இதைவிடக் கீழே போக இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

நாலாம் படத்தின் முடிவில் ரத்தக் காட்டேரிப் பிரபுவைப் பாழ்கிணற்றுக்குள் தள்ளி, மேலே மண் போட்டு மூடினார்கள். ஐந்தாம் படம் தொடங்கும்போது ஆள் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருந்தபடி மெழுகுதிரி கொளுத்துகிறார். எப்படி வெளியே வந்தார்? ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. உடுப்பில் ஒரு பொட்டு மண்கூட இல்லை.

ஒரே ஒரு நல்ல காட்சி. பிரபுவுக்குப் பயந்து மலையடிவாரக் கிராமம் முழுக்க ஒரே காலையில் வெளிக்கிடுகிறது. மூட்டை, கோழிக்கூடு, கைக்குழந்தை. சங்கீதம் இல்லை, கத்தல் இல்லை. நல்லாய் எடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு அந்தச் சனத்தைப் படத்தில் காணவே இல்லை. இயக்குநர் மறந்தே போனார்.

ஞாயிறு ரஸாக்கின் கடையில் பதிவு. கற்பிட்டியில் போட் எஞ்சின் திருத்துகிற கடை. ஞாயிற்றுக்கிழமை பூட்டிவிட்டு, ஒயில் டின்னில் போனைச் சாய்த்து வைத்து, நானும் அவனும் பழைய பேய்ப் படங்களைப் பற்றிக் கதைத்து யூடியூப்பில் போடுகிறோம். இந்த ஏழு படமும் ஆலங்குடா ஹோட்டலில் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. அங்கே வரவேற்பு மேசையில் நான் வேலை செய்வதால் வந்த லாபம். முதல் நாலையும் ரஸாக் என்னிடம் வாங்கிப் பார்த்தான். ஐந்தாம் படம் மட்டும் வேண்டாம் என்றான்.

“அது சின்னதுல பார்த்த படம் மச்சான். எல்லாம் ஞாபகம் இருக்கு.”

மனைவி றஜிதா தேத்தண்ணி வைத்துவிட்டுச் சொன்னாள்: “ரெண்டு பிள்ளையின்ட தகப்பன் இருந்து பேய்க்கு மார்க்ஸ் போடுறார்.”

ஜூன் 15, ஞாயிறு

பதிவு நல்லாய்த்தான் தொடங்கியது. கிணற்றுப் பகிடிக்கு ரஸாக் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு நான் அந்தக் கிராமத்துச் சனத்தைப் பற்றிச் சொன்னேன்.

“அதுகள் இப்பவும் மலைக்கு அங்கால மூட்டையோட நிக்குதுகள் போல. படம் முடியிற வரைக்கும் ஒருத்தரும் திரும்பி வரேல்ல.”

“வந்தாங்கதானே,” என்றான் ரஸாக்.

“இல்ல மச்சான்.”

“கடைசில வருவாங்க. எல்லாரும் ஊருக்கு வந்துடுவாங்க.”

நான் சிரித்தேன். நீ வேறு படம் ஏதோ பார்த்திருக்கிறாய் என்றேன். நான் பத்துக்கு இரண்டு போட்டேன். அவனுடைய மார்க்ஸைக் கேட்டபோது, “நிப்பாட்டு,” என்று மட்டும் சொன்னான். தலையிடியாக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்து, அப்படியே பதிவேற்றிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

போன் எடுக்கிறானில்லை.

ஜூன் 19, வியாழன்

வேலை முடிந்து கடைக்குப் போனேன். எஞ்சினுக்குள் தலையை விட்டபடி நின்றான்.

“என்ன கோவம் மச்சான்? படத்துக்கா?”

“படத்துக்கு என்ன. வேலை கிடக்கு.”

வாடிக்கைக்காரர் இருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று பதிவு இல்லை. கடை பூட்டிக் கிடந்தது. யூடியூப்பில் ஆட்கள் கேட்கிறார்கள், மற்ற அண்ணன் ஏன் மார்க்ஸ் போடவில்லை என்று.

கடைசிப் பகுதியை மறுபடி மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பிரபு மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து விழுந்து சாகிறார். கதாநாயகனும் கதாநாயகியும் குதிரை வண்டியில் போகிறார்கள். சனம் இல்லை. ஒரு தலைக்கறுப்புக்கூட இல்லை. நான் சொன்னதுதான் சரி. சரியாக இருந்து என்ன? கதைக்க ஆள் இல்லை. இந்த ஊரில் ஒரு படத்தை இருந்து பார்த்து, அதை இருந்து கதைக்கக்கூடிய மனிசன் எனக்கு அவன் ஒருவன்தான்.

ஜூன் 23, திங்கள்

ரஸாக்கின் மனைவி மரியம் றஜிதாவுக்குப் போன் எடுத்துக் கதைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம்.

தொண்ணூறில் மன்னார்ப் பக்கமிருந்து முஸ்லிம் சனம் எல்லாம் வெளியேற்றப்பட்டு வந்தபோது ரஸாக்குக்கு ஏழு வயது. கற்பிட்டிப் பக்கத்து முகாமில் வளர்ந்தவன். அது எனக்குத் தெரியும். தெரியாதது இதுதான். முகாமில் ஒரு டீவியும் வீடியோ டெக்கும் இருந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கென்று கிடைத்தது ஒரே ஒரு கசெட். இந்த ஐந்தாம் படம். டெக்குக்குப் பொறுப்பு ரஸாக்கின் வாப்பா.

“ஒரு பொம்புள படுக்கிற சட்டையோட வாற இடத்துல மாமா டெக்க நிப்பாட்டிடுவாராம்,” என்றாள் மரியம். “‘படம் முடிஞ்சு. பேய் செத்துட்டு. அந்தச் சனம் எல்லாம் அவங்கட ஊட்டுக்குத் திரும்பிப் போயிட்டாங்க. நீங்களும் போய்ப் படுங்க’ எண்டு சொல்லுவாராம். ஒவ்வொரு தரமும் அப்பிடித்தானாம். இவர் இந்த வயசு வரைக்கும் அதத்தான் நம்பிக்கொண்டு இருந்திருக்காரு.”

வாப்பா போன வருஷம் கற்பிட்டியிலேயே மௌத்தாகிவிட்டார். சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. அடக்கத்துக்கு நானும் போனேன்.

எனக்கு எப்பிடித் தெரியும்? படம் எண்டுதானே கதைச்சனான். மூட்டையோட நிக்குதுகள் எண்டு சொல்லிச் சிரிச்சனே — அவன்ட முகத்துக்கு நேரே.

வீடியோவை அழிப்பமா என்று றஜிதாவிடம் கேட்டேன்.

“அழிச்சா அவர் கேட்டது இல்லையெண்டு ஆகுமா?”

இல்லாவிட்டால், இந்தப் படத்துக்கு நீளமான பிரதி ஒன்று இருக்கிறது, அதில் சனம் திரும்பி வருகிறது என்று சொன்னால் என்ன?

“அத ஏற்கெனவே ஒருத்தர் சொல்லிட்டார்,” என்றாள்.

வீடியோவை அழிக்காமல் போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

ரஸாக்கின் வீட்டுக்குப் போனேன். துரத்தினால் துரத்தட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். துரத்தவில்லை. கதிரையைக் காட்டினான்.

“எனக்குத் தெரியாது மச்சான்,” என்றேன்.

“உனக்கு எப்பிடித் தெரியும்?” இன்னொரு கதிரையை இழுத்து எனக்கு எதிரே இருந்தான். “அந்தச் சனம் உண்மையா வாறேல்லயா?”

பொய் சொல்ல வாய்வரை வந்தது. “இல்ல,” என்றேன்.

“அப்ப போடு, பாப்பம்.”

என் போனில் இருந்த படத்தை, வாப்பா நிப்பாட்டும் இடத்திலிருந்து போட்டேன். அந்தப் பெண் மெழுகுதிரியோடு படியிறங்கி வந்தாள். கழுத்துவரை பொத்தான், கை மணிக்கட்டுவரை, கீழே நிலத்தில் இழுபடுகிற சட்டை.

“இதுக்கா?” என்றான் ரஸாக். “இவ்வளவு நாளும் நான் என்னென்னவோ நினைச்சன்.” மரியம் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மூவரும் சிரித்தோம்.

பிறகு சிரிக்கவில்லை. கோபுரம், குதிரை வண்டி, பெயர்கள். பெயர்கள் ஓடி முடிந்து திரை கறுப்பாகும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பெயர்களுக்குப் பின்னால் ஏதாவது வருமென்று பார்த்திருப்பான். நானும்தான் பார்த்தேன், ஒன்றும் வராது என்று தெரிந்துகொண்டே.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ,” என்றான்.

ஜூன் 29, ஞாயிறு

நான் போகும்போது கடைக் கதவு பாதி திறந்திருந்தது. ஐந்தாம் படத்தைத் திரும்பக் கதைப்போம் என்றான். பழைய வீடியோ கிடக்கட்டும், அழிக்க வேண்டாம் என்றான். வாப்பா டெக்கை நிப்பாட்டிய கதையை அவனே சொன்னான், ஒரு எஞ்சின் எப்படிப் பழுதானது என்று சொல்கிற மாதிரி, ஒழுங்காக. நான் குறுக்கிடவில்லை.

கடைசியில் மார்க்ஸ் கேட்டேன்.

“நீ ரெண்டு போட்ட. அது கூடிப்போச்சு. ஒண்டு.”

“ஏன்?”

“மூட்டை கட்டிக்கொண்டு போற சனத்தக் காட்டினா, பிறகு அதுகளுக்கு என்ன நடந்ததெண்டும் சொல்லோணும். மறக்கிறதெண்டா காட்டியிருக்கப்படாது.” கையைத் துணியில் துடைத்தான். “எங்கட வாப்பா சொன்ன முடிவுக்கு ஒம்பது.”

“பத்து இல்லையா?”

“அந்தச் சட்டைக்குப் போய் டெக்க நிப்பாட்டியிருக்கத் தேவையில்ல.”

அவனே எட்டிப் போனை நிறுத்தினான்.