துண்டில் கட்டிய மல்லாட்டை

10-4-2014, வியாழன்

திண்டிவனத்துப் பழைய வீட்டின் ஜன்னல்களில் இருப்பது ஈயம் கலந்த பெயிண்ட். அந்தத் தூசி பிள்ளைகள் வயிற்றுக்குள் போனால் மூளையைக் கெடுக்கும் என்று பயிற்சியில் படித்துச் சான்றிதழ் வாங்கிய பெயிண்டிங் மேஸ்திரி நான். பழைய பெயிண்டைத் தண்ணீர் தெளித்துச் சுரண்ட வேண்டும், வேலைத்துணி வீட்டுக்குப் போகக் கூடாது என்று காலையிலேயே சொன்னேன். ஆனாலும் வேலைக்கு வந்த செல்வி தலைத்துண்டாலேயே ஜன்னலைத் துடைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கார அம்மா ஓட்டோடு வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுத்தார். செல்வி அதே துண்டை ஒரு உதறு உதறி அதில் வாங்கிக்கொண்டாள்.

"ஒரு கை எடுத்துக்குங்கண்ணே. மீதி எம் பொண்ணுக்கு."

அந்த அம்மா சிரித்த முகமாக எதிரில் நின்றார். அவர் கொடுத்ததை வேண்டாமென்று எப்படிச் சொல்வது? எடுத்துக்கொண்டேன். என் பங்கை பஸ் ஸ்டாண்டில் கொட்டிவிட்டேன்.

விழுப்புரம் வந்து இறங்கியும் மனசு கேட்கவில்லை. செல்விக்குப் போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள்.

"அம்மா குளிச்சிக்கினு இருக்குது மாமா. மல்லாட்டை நல்லா இருந்துச்சி."

ஓட்டோடு வாயில் வைத்துப் பல்லால் கடித்து உடைக்கிற வயசு அதற்கு.

"கழுவிச் சாப்பிட்டியாம்மா?"

"வேவச்சதுதானே மாமா, எதுக்குக் கழுவணும்?"