சரோஜா தராத படம்

22-12-1963, ஞாயிறு

இன்று சரோஜாவின் வீட்டுக்குப் போயிருக்கவே கூடாது. எங்கள் வீடு எரிந்த பிறகு, இந்த இரண்டு மாதத்தில் எனக்கு அதிகம் செய்தவள் அவள்தான். பாத்திரம் கொடுத்தாள், புடவை கொடுத்தாள், தன் கணவர் இருக்கும் பனியன் கம்பெனியில் வேலையும் வாங்கிக் கொடுத்தாள். நானாகக் கேட்டது ஒன்றே ஒன்று. அவளுடைய கல்யாணப் படத்தின் ஓரத்தில் என் மகள் வள்ளி நிற்கிறாள். வள்ளி இறந்து நாலு வருஷம் ஆகிறது. எங்களிடம் இருந்த படமெல்லாம் தீயில் போய்விட்டது.

"ரெண்டே நாள் குடு புள்ள. ஸ்டூடியோவுல ஒரு காப்பி எடுத்துட்டுத் தந்தர்றேன்" என்றேன்.

"கழட்டுனாக் கண்ணாடியோட ஒட்டிக் கிழிஞ்சிரும் புள்ள. நீ எப்ப வேணும்னாலும் ஊட்டுக்கு வந்து பாத்துக்க" என்றாள். சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள்.

என் மகளைப் பார்க்க நான் அவள் கதவைத் தட்ட வேண்டுமாம். காபிக்கு நிற்காமல் வந்துவிட்டேன். நன்றி கெட்டவள் என்று தெருவே பேசும். பேசட்டும்.

அவள் கொடுத்த கம்பளியை மடித்து, திருப்பிக் கொடுக்க எங்கள் வாசலில் வைத்துவிட்டேன். குளிர் தாங்கவில்லை. ஆனாலும் எடுக்க மாட்டேன்.