கண் திறந்த ஜெபம்

அன்புள்ள மச்சானுக்கு,

இதை நானே எழுதுகிறேன், சிரிக்காதே. ஜெபக்கூடத்து முதியோர் வகுப்பில் கற்றது. ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

உன் தெருவுக்குக் குப்பைக் கிடங்கு வந்தது என் கைநாட்டால்தான் என்றாய். இல்லவே இல்லை என்று சண்டை போட்டேன். நேற்று நகரசபைத் தீர்மானப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் பெருவிரல் அங்கே இருக்கிறது.

ஜெபக்கூடத்தார் என்னை நம்பித்தான் நகரசபை உறுப்பினராக்கினார்கள். ஒவ்வொரு கூட்டத்தையும் தலைவர் என் ஜெபத்தோடு தொடங்குவார். நான் கண்ணைத் திறக்கும்போது தாளும் மைப்பெட்டியும் முன்னால் இருக்கும். ஜெபித்த இடத்தில் பொய் இருக்காது என்று நினைத்துவிட்டேன்.

நாளைக் காலைக் கூட்டத்தில் கிடங்கைப் பெரிதாக்கப் போகிறார்கள். நான் மறுப்பு எழுதி வைத்திருக்கிறேன். எப்படியோ தெரிந்து தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பெரியவரே, ஜெபத்தை நீங்க பாத்துக்குங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். போகும்போது, "பேத்தி எந்த பஸ்ல பள்ளிக்கூடம் போகுது?" என்று கேட்டார்.

"உங்களுக்குப் படிப்புதான் வந்துச்சு, தைரியம் வரல. அண்ணனுக்கு எழுதுங்க, இன்னைக்கே நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றாள் உன் தங்கை.

எழுத்து கோணுவது வயதால் இல்லை, மச்சான். நாளை கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிப்பேன், பிறகு மறுப்பை வாசிப்பேன். நீ பார்வையாளர் பெஞ்சில் வந்து உட்கார். என் நாக்கு ஒட்டிக்கொண்டால் உன் பழைய இருமலை ஒரு முறை இருமு. மன்னிக்கவெல்லாம் வேண்டாம்.

வரும் வழியில் பேத்தியை நீயே பள்ளிக்கூடத்தில் விட்டுவிடு. அவளை பஸ்ஸில் ஏற்ற எனக்குப் பயமாக இருக்கிறது.

இனிக் கைநாட்டு வைக்காத,
உன் தங்கை வீட்டுக்காரன்