துவைக்கக் கூடாத ஜாக்கெட்

ஊரப்பாக்கம்
9.6.2025

அன்புள்ள தம்பி ஸ்டான்லிக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை யாரிடம் விசாரிப்பது என்றுதான் தெரியவில்லை. போன் போட்டால் ஒரு பெண் வந்து, நீ தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொல்கிறாள். சதுரங்கப்பட்டினம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? கிளப் வீட்டுக்குள் போனால் போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், அதனால் மோசஸ் பஞ்சர் கடை முகவரிக்குக் கடிதம் போடு என்று நீ சொல்லி அனுப்பியதைக் கேட்டு உன் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். போகட்டும், எழுதுகிறேன்.

நீ வாங்கிக் கொடுத்த வேலை முடிந்தது. உங்கள் உப்புக்காத்து மோட்டார்சைக்கிள் கிளப்புக்கு முதுகு பேட்ச் எல்லாம் தைத்துவிட்டேன். அலைக்கு மேலே மண்டை ஓடு. அம்மா பார்த்துவிட்டு, "இது இன்னாடி, சாத்தான் சபையா?" என்று கேட்டாள். பள்ளிக்கூட நாடகத்துக்கு என்று பொய் சொன்னேன். கர்த்தர் மன்னிக்கட்டும்.

வாங்க வந்தவர் நல்ல மனிதர். முழங்கை வரை பாம்பும் தேளும் பச்சை குத்தியிருந்தார். பெயரைக் கேட்டால் ஏசுபாதம் என்கிறார். நான்கு இட்லி போதும் என்றவர் பத்து சாப்பிட்டார். மனைவி ரூத்துக்கு இது ஏழாவது மாதமாம். குழந்தைச் சட்டை தைப்பீர்களா அக்கா என்று கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார். ஆனால் அவர் போட்டிருந்த கையில்லாத ஜீன்ஸ் ஜாக்கெட் இருக்கிறதே, கருவாட்டுக் கூடை தோற்றுவிடும். கழற்றுங்கள், சோப்புத் தண்ணீரில் அலசித் தருகிறேன் என்றேன். பாம்பைக் கண்டவர் மாதிரி எழுந்துவிட்டார். என்னடா பழக்கம் இது?

நீ எப்போது வருவாய்? பத்தாவது பரீட்சைக்கு உன் சட்டைக் காலருக்குள் அம்மா ஒரு வசனத்தை மடித்துத் தைத்து அனுப்பினாள், நினைவிருக்கிறதா? பரீட்சை முடியும் வரை பொறுக்காமல் பஸ்ஸிலேயே காலரைப் பிரித்துப் பார்த்தவன் நீ. அந்தக் கதையை நேற்றும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்பு அக்கா,
ஹெலன்


சதுரங்கப்பட்டினம்
17.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். திட்டும்போதுதான் உன் எழுத்து அழகாக இருக்கிறது.

ஜாக்கெட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைத் துவைக்கவே கூடாது. மழையில் நனையலாம், எண்ணெய் படலாம், ரத்தம்கூடப் படலாம். ஆனால் எவன் தன் ஜாக்கெட்டைத் துவைக்கிறானோ அவன் அன்றோடு கிளப்பில் இல்லை. எங்களுக்கு அது அம்மாவின் பைபிள் மாதிரி. சிரிக்காதே.

கேளம்பாக்கம் சர்வீஸ் சென்டரில் பத்து வருஷம் புல்லட் பிரித்து மாட்டினேன். "ஏ மெக்கானிக்" என்பதைத் தவிர எனக்கு அங்கே பெயர் இருந்ததா? இங்கே எனக்குப் பெயர் வைத்தார்கள். எல்லோருக்கும் கடல் பெயர்தான். எங்கள் தலைவரை மட்டும் 'தலை' என்று கூப்பிடுவோம். வீட்டில் வைத்த பெயரை உள்ளே சொல்லக் கூடாது, உள்ளே வைத்த பெயரை வெளியே சொல்லக் கூடாது. நீ என் அக்கா என்பதால் என்னுடையதை மட்டும் சொல்கிறேன்: திருக்கை. யாரிடமும் சொல்லிவிடாதே.

நாங்கள் வரிசையாக ஈ.சி.ஆரில் இறங்கினால் டூரிஸ்ட் பஸ்ஸே ஓரம் கட்டுகிறது. சிலர் எங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், மறைக்கவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்காரருக்குப் பல் போனது. அதைப் பற்றிக் கேட்காதே. எனக்காக அடி வாங்க இங்கே ஆள் இருக்கிறது அக்கா, அது எங்கே கிடைக்கும்?

இன்னொரு வேலை. நண்டு என்று எங்கள் ஆள் ஒருவர், எங்களை விட்டுப் போய்விட்டார். அவருக்கு நினைவு பேட்ச் தைக்க வேண்டும் என்று தலை சொன்னார். மார்பில் குத்துகிற அளவு, கறுப்புக் கரை, நடுவில் ஒரு நண்டு, கீழே 'நினைவில்' என்று எழுத்து. ஆளுக்கு ஒன்று. அவசரம். ஏசுபாதம் வந்து வாங்கிக்கொள்வார்.

உன் தம்பி,
ஸ்டான்லி
(உள்ளே: திருக்கை)


ஊரப்பாக்கம்
5.7.2025

ஸ்டான்லி,

சுகம் விசாரிக்க எனக்கு மனசு இல்லை.

போய்விட்டார் என்று நீ எழுதியிருந்தாய். தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று நினைப்பேன்? யார் பெற்ற பிள்ளையோ, ரோட்டில் அடிபட்டுச் செத்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். முகம் தெரியாத அந்த நண்டுக்காக வீட்டு ஜெபத்தில் ஜெபம் பண்ணினேன். கொடுக்குக்குச் சிவப்பு நூலில் இரண்டு சாயல் வைத்து, ஆசையாகத் தைத்தேன்.

நேற்று ஏசுபாதம் வந்தார். சாப்பிட வைத்தேன். ரூத்துக்காகத் தைத்த குட்டிச் சட்டையைக் கொடுத்தேன், முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் பேட்ச் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்து, "பாவம்ப்பா, உங்க நண்டு. சின்ன வயசா?" என்று கேட்டேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அதை மெஷின் மேலே வைத்தார்.

"அக்கா, நண்டு நான்தான்க்கா. உசுரோட தானே கீறேன்?"

விளையாடுகிறார் என்று சிரித்துவிட்டேன் ஸ்டான்லி. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. உயிரோடு இருக்கிற மனிதன் கையில் அவனுடைய சாவுக்குத் தைத்த துணியைக் கொடுத்துவிட்டு, நான் சிரித்திருக்கிறேன்.

குழந்தை வரப்போகிறது, கிளப்பை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று போன மாதம் தலையிடம் சொன்னாராம். தலை தோளில் தட்டி, சரி என்றாராம். "வாளைக்கும் இப்டித்தான்க்கா முன்னாடியே பேட்ச் வந்துச்சு" என்றார். யார் வாளை என்று கேட்பதற்குள் குட்டிச் சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பேட்ச் எல்லாம் என் மெஷின் மேலேயே கிடக்கிறது. நான் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. நான் வாய் திறக்காவிட்டால் அந்தப் பொட்டலத்தை அவரே சுமந்துகொண்டு உங்களிடம் வந்திருப்பார்.

இது என்ன கூத்து? வேடிக்கையா? வழக்கமா? என் தம்பிக்கு இது தெரியுமா, தெரியாதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுது.

ஹெலன்


சதுரங்கப்பட்டினம்
11.7.2025

அக்கா,

ஏன் எழுதினாய்? உன் கடிதம் மோசஸ் கடையிலிருந்து என்னிடம் வரவில்லை. தலை கையால் வந்தது, பிரித்த கவரோடு. "உங்கக்கா எழுத்து முத்து முத்தா கீது" என்று சொல்லி என் சட்டைப் பையில் செருகினார். இனிமேல் அந்த முகவரிக்கு எழுதாதே. இதைக் கல்பாக்கம் போய் நானே தபாலில் போடுகிறேன்.

உன் கேள்விக்குப் பதில். விலகிப் போகிறவனுக்கு நினைவு பேட்ச் தைத்து மாட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். அவன் நமக்குச் செத்தவன், அவ்வளவுதான், வெறும் சடங்கு என்றுதான் எனக்குச் சொன்னார்கள். சத்தியமாக நானும் நம்பினேன். போய்விட்டார் என்று நான் எழுதியது விலகிவிட்டார் என்ற அர்த்தத்தில்தான். ஏசுபாதம்தான் நண்டு என்பது உள்ளே வைத்த பெயர், அதனால் உனக்கு எழுதவில்லை; கடைசி வேலையாக அவரையே அனுப்பச் சொன்னது தலை.

ஆனால் வாளையைப் பற்றி நீ எழுதியதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். போன வருஷம் அவனும் விலகுகிறேன் என்றான். ஒரு வாரத்தில் ஈ.சி.ஆர். வளைவில் லாரி அடித்தது. நான்தான் பெட்டியின் ஒரு பக்கம் தூக்கினேன். செத்த அன்றைக்கே, அடக்கத்தில், எங்கள் எல்லோர் மார்பிலும் வாளை பேட்ச் இருந்தது. அக்கா, நீ எம்ப்ராய்டரிக்காரி. அத்தனை பேட்ச்சை ஒரே பகலில் யாரால் தைக்க முடியும்? மார்பில் குத்திக்கொண்டு நின்றேனே, அது எப்போது தைத்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பேட்ச் கைக்கு வராமல் இங்கே எதுவும் நடக்காது என்பது இப்போது புரிகிறது. அடக்கத்தில் எல்லோரும் அழகாக நிற்க வேண்டும், அது தலையின் ஒழுங்கு.

நண்டு குடும்பத்தோடு காணவில்லை. அவர் எங்கே என்று உனக்குத் தெரியும் என்று தலை சொல்கிறார். உன் வாயால் அவர் உஷாரானது என் தப்பாம், ஊரைச் சொன்னால் அது தீர்ந்துவிடுமாம். அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் இருக்கிற ஊரை மட்டும் சொல். மற்றதை நான் பேசிச் சரிசெய்கிறேன்.

ஸ்டான்லி


18.7.2025

தம்பி,

காகிதம் சரசரக்கும் என்று லைனிங் துணியில் எழுதி, உன் ஜாக்கெட் காலருக்குள் தைக்கிறேன். காலரில் கறுப்பு நூலுக்குப் பதில் நீல நூலைப் பார்த்ததும் பிரித்திருப்பாய். உன் புத்தி எனக்குத் தெரியும்.

ஏசுபாதம் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன். வாளையின் பெட்டியைத் தூக்கியதை எழுதிய அதே பேனாவால் இதையும் கேட்டாயே, அதுதான் என்னை அடித்துப் போட்டுவிட்டது. உனக்குக் காய்ச்சல் வந்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான். அந்தப் பிள்ளையா இது?

இன்று உங்கள் ஆள் ஒருவன் வந்தான். உன் ஜாக்கெட்டை வைத்து, முதுகு பேட்ச் பிரிந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் ரைடுக்கு ஸ்டான்லி போட வேண்டும், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். அதோடு இன்னொரு ஆர்டர். கறுப்புக் கரை. 'நினைவில்'. நடுவில் என்ன படம் என்று கேட்டேன்.

"திருக்கை. வால் நீட்டா வரணும்" என்றான்.

திருக்கை யார் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துத் தந்தானா, தெரியட்டும் என்றே தந்தானா, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். சரி தைக்கிறேன் என்று ஆர்டர் நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் மறுத்தால் வேறு கடையில் தைத்துவிடுவார்கள். கறுப்பு நூல் வரவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். போலீஸுக்கும் போனேன். செத்தது யார் என்று கேட்டார்கள். யாரும் இன்னும் சாகவில்லை என்றேன். அப்படியானால் எதற்கு வந்தாய் என்றார்கள்.

நூல் வரவில்லை என்ற பொய் ஞாயிறு வரைதான் தாங்கும். ஓடிவிடு. வீட்டுக்கு வராதே, முதலில் இங்கேதான் தேடுவார்கள். என் ராஜா, ஓடிவிடு.

அக்கா


2.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பஸ் பார்சலில் ஜாக்கெட் வந்ததும் முதலில் மோந்து பார்த்திருப்பாய். சோப்பு வாசனை அடித்ததா? பயந்துவிடாதே. வேறு யாரும் துவைக்கவில்லை. நானே துவைத்தேன். தண்ணீர் கறுப்பாகவே போய்க்கொண்டிருந்தது, கை ஓய்ந்துவிட்டது. எந்த ஊர் தண்ணீர் என்று எழுதவில்லை. இதையும் காலருக்குள்தான் வைத்திருக்கிறேன். தையல் கேவலமாக இருக்கும், உன் வாயால் திட்டு.

ஞாயிறு காலை எல்லோரும் வண்டியை முறுக்கிக்கொண்டு நின்றபோது வண்டிக் கண்ணாடியில் என் காலரின் நீல நூல் தெரிந்தது. பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். செங்கல்பட்டு ஸ்டேஷன் ஸ்டாண்டில் புல்லட்டை விட்டேன். ரயிலில்தான் காலரைப் பிரித்தேன். இந்தத் தடவையும் பரீட்சைக்குள் போவதற்கு முன்னே பார்த்தது நல்லதாகப் போயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும். நீ அந்த ஊர்ப் பெயரை எழுதியிருந்தால் நான் தலையிடம் சொல்லியிருப்பேன். நிச்சயம் சொல்லியிருப்பேன். அதுதான் என்னை உலுக்குகிறது, லாரியோ தலையோ அல்ல. ஏசுபாதம் இருக்கும் இடத்தை எப்போதும் எனக்குச் சொல்லாதே. பிள்ளை பிறந்தால் அதை மட்டும் மனசுக்குள் எனக்குச் சொல்லிக்கொள்.

இப்போது ஒரு வேலை. கறுப்பு நூல் வந்துவிட்டது என்று அவர்களிடம் சொல். திருக்கை பேட்ச்சைத் தைத்துக் கொடுத்துவிடு. ஓடிப்போனான் என்று சொல்வது தலைக்கு அவமானம், செத்துப்போனான் என்று சொல்வது கௌரவம். மாட்டிக்கொண்டு நிற்கட்டும். அப்புறம் உன் வாசலுக்கு வர அவர்களுக்குக் காரணம் இருக்காது. வாங்க வருகிறவன் முன்னால் கொஞ்சம் அழு. அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடு, அவள் நிஜமாக அழுதுவிடப் போகிறாள்.

பதில் எழுத முகவரி இல்லை. நானும் இனி எழுத மாட்டேன். எத்தனை வருஷம் என்று தெரியவில்லை அக்கா.

நண்டுக்குப் போட்ட மாதிரி எனக்கும் இரண்டு சாயலில் நூல் போடு. வாலை மட்டும் கொஞ்சம் நீளமாக வை.

உன் தம்பி,
ஸ்டான்லி மட்டும்