ஏர் கன்னுக்கு விட்ட எண்ணெய்

1981, மாசி 9.

மாடியில் வடாம் காயும்போது குரங்கை விரட்ட வீட்டுக்காரர் வைத்திருக்கும் ஏர் கன் ஒருமுறை வேகமாகவும் மறுமுறை சோம்பலாகவும் சுட்டது. நேற்று துணி சோப்புக் கட்டியில் பத்துக் குண்டு சுட்டுப் பார்த்தேன். சில அரை விரல் ஆழம் போயின, சில நகக்கண் அளவுதான். கழற்றினால், உள்ளே காற்றை அடைக்கும் தோல் வாஷர் காய்ந்து கிடந்தது. பெருமாள் விளக்கு எண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன். பிறகு பத்தும் ஒரே ஆழம். பெருமையாகக்கூட இருந்தது.

இன்று வீட்டுக்காரர் சுட்டதும் ஒரு குரங்கு அந்த இடத்திலேயே செத்து விழுந்துவிட்டது. அதன் கையில் வடாம்.

"எப்பவும் சுருக்குனு பட்டதும் ஓடிடுமே. கன்னை என்ன பண்ணினே?" என்றார்.

"சரி பண்ணினேங்க."

தெருக்காரர்கள் மஞ்சள் தடவி, மாலை போட்டு, கொள்ளிடக்கரையில் புதைத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. சாயங்காலம் விளக்கேற்ற அதே எண்ணெய்ப் புட்டியை எடுத்தேன். மூடி திறக்காமலே திரும்ப வைத்துவிட்டேன். பெருமாள் இன்னும் இருட்டில்தான் இருக்கிறார்.